வேலையிட மாற்றங்களுக்கு யார் பணம் கொடுப்பது? பிரிட்டனின் ‘ஆக்செஸ் டு ஒர்க்’ பற்றி ஓர் எளிய விளக்கம்

எனக்கு இரண்டு காதுகளிலும் கேட்கும் திறன் குறைவு. லண்டனில் ஒரு கணக்கு அலுவலகத்தில் முதல் வேலைக்குச் சேர்ந்தபோது தொலைபேசிதான் பெரும்பாடாக இருந்தது. ஒலியைக் கூட்டித் தரும் தொலைபேசி ஒன்றைச் சொந்தக் காசில் வாங்கி மேசையில் வைத்துக்கொண்டேன். கூட்டங்களில் பாதி புரியாமல் தலையாட்டிவிட்டு, அப்புறம் பக்கத்து மேசைக்காரரிடம் குறிப்பை வாங்கிப் படித்துக்கொள்வேன். ஒருமுறை மேலாளரிடம் கேட்டுப் பார்த்தேன். “அதற்கெல்லாம் பட்ஜெட் இல்லை” என்றார். சரி, குறை நம்முடையது, நாம்தான் சமாளிக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன். நான்கு வருடங்கள் அப்படியே போயின.

அந்த நான்கு வருடங்களும் அது என் செலவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. சட்டம் அந்தப் பொறுப்பை நிறுவனத்தின் மேல் வைத்திருந்தது. நிறுவனத்தின் பொறுப்புக்கு மேலே போகும் செலவுக்கு அரசின் மானியத் திட்டம் ஒன்றும் இருந்தது. இரண்டைப் பற்றியும் எனக்கு யாரும் சொல்லவில்லை. பிரிட்டனில் வேலை செய்யும் நம்மவர்கள் பலருக்கு இன்னும் தெரியவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று பார்த்துவிடலாம். ஒரு வேலையைச் செய்யத் தேவையான திறமை ஒருவரிடம் இருக்கிறது. ஆனால் வேலை நடக்கும் இடமோ முறையோ அவர் உடலுக்கும் மனதுக்கும் ஒத்துவரவில்லை. அதை ஒத்துவரும்படி மாற்றித் தருவதற்குப் பெயர் ‘ரீசனபிள் அட்ஜஸ்ட்மென்ட்’. தமிழில் நியாயமான மாற்றம் எனலாம். சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் போடுவது, பார்வையற்றவரின் கணினியில் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருளை நிறுவுவது, காது கேளாதவருக்குக் கூட்டத்தில் சைகை மொழிபெயர்ப்பாளரை அமர்த்துவது ஆகியவை கண்ணுக்குத் தெரியும் மாற்றங்கள். கண்ணுக்குத் தெரியாதவைதான் அதிகம். முடக்குவாதத்தால் காலையில் விரல்கள் மடங்காதவருக்குப் பத்து மணிக்கு வேலையைத் தொடங்க அனுமதிப்பது ஒரு மாற்றம். மனச்சோர்விலிருந்து மீண்டு வருபவருக்கு முதல் சில வாரங்கள் அரை நாள் வேலை கொடுப்பது ஒரு மாற்றம். எழுத்துகளைப் படிக்கத் தடுமாறும் டிஸ்லெக்சியா உள்ளவருக்கு வேலையை வாய்மொழியாகச் சொல்வதும் மாற்றம்தான்.

இவற்றில் பலவற்றுக்குக் காசே தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். நேரத்தை மாற்றுவதற்கு எந்தச் செலவும் இல்லை. திரையை வாசிக்கும் மென்பொருள்களில் என்விடிஏ இலவசமாகவே கிடைக்கிறது. ‘மாற்றம்’ என்ற சொல்லைக் கேட்டதுமே மேலாளர்கள் பெரிய தொகையைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். பேச்சு தொடங்குவதற்கு முன்பே கதவு மூடிவிடுகிறது. அதனால் கேட்கப் போகும்போது பொத்தாம்பொதுவாக “உதவி வேண்டும்” என்று கேட்காதீர்கள். எந்த வேலையில், எந்த இடத்தில், என்ன தடுக்கிறது, எது இருந்தால் அந்தத் தடை நீங்கும் என்று சொல்லுங்கள்.

சட்டம் சொல்வது

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் பொருந்தும். வட அயர்லாந்துக்குத் தனிச் சட்டம், தனித் திட்டம். உடலிலோ மனதிலோ உள்ள ஒரு குறைபாடு அன்றாட வேலைகளைக் கணிசமாகப் பாதித்து, பன்னிரண்டு மாதங்களாவது நீடிக்கும் என்றால் அது இந்தச் சட்டத்தின்படி ஊனம். புற்றுநோய், எச்.ஐ.வி., மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் மூன்றும் கண்டறியப்பட்ட நாளிலிருந்தே இதற்குள் வந்துவிடும். பதிவு அட்டை எதுவும் தேவையில்லை. நம்மில் பலர் ஊனம் என்றால் காலோ கண்ணோ இல்லாமல் இருப்பது என்று நினைத்து, “எனக்கு அப்படி ஒன்றும் இல்லையே” என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். தீராத முதுகுவலியோடு வருடக்கணக்கில் கல்லாவில் நிற்பவரும் இதற்குள் வரக்கூடும்.

சட்டத்தின் 20ஆம் பிரிவு, வேலை கொடுப்பவர் நியாயமான மாற்றங்களைச் செய்தே ஆக வேண்டும் என்கிறது. நடைமுறையை மாற்றுவது, கட்டடத்தில் உள்ள தடையை நீக்குவது, துணைக் கருவியையோ துணைச் சேவையையோ தருவது என்று இந்தக் கடமை மூன்று வகைப்படும். அதே பிரிவின் 7ஆம் உட்பிரிவைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: இந்தக் கடமையை நிறைவேற்ற ஆகும் செலவை, எந்த அளவிலும், ஊனமுள்ளவர் தலையில் கட்டக்கூடாது. நான் வாங்கிய தொலைபேசியை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் ‘நியாயமான’ என்பதற்கு எல்லை எங்கே? மாற்றத்தால் தடை உண்மையில் நீங்குமா, நடைமுறையில் செய்ய முடியுமா, எவ்வளவு செலவாகும், நிறுவனத்திடம் எவ்வளவு பணம் இருக்கிறது, வெளியிலிருந்து நிதி கிடைக்குமா என்பதையெல்லாம் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். இரண்டு வழக்குகளைச் சொன்னால் இது விளங்கும்.

ஸ்காட்லாந்தின் ஃபைஃப் கவுன்சிலில் தெருக் கூட்டும் வேலை செய்த ஒரு பெண், அறுவை சிகிச்சையில் ஏற்பட்ட சிக்கலால் நடக்க முடியாமல் போனார். உட்கார்ந்து செய்யும் வேலை கேட்டு கவுன்சிலுக்குள்ளேயே நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களுக்கு விண்ணப்பித்தார். ஒவ்வொன்றிலும் மற்றவர்களோடு போட்டியிட வைத்தார்கள், எதுவும் கிடைக்கவில்லை, கடைசியில் வேலைநீக்கம் செய்தார்கள். பழைய சட்டத்தின் கீழ் நடந்த அந்த வழக்கில், 2004இல், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அவர் பக்கம் நின்றது. போட்டி இல்லாமல் அவரை வேறு பணிக்கு மாற்றுவதும் நியாயமான மாற்றமாக இருக்கலாம் என்றது. அதாவது, எல்லோரையும் ஒரே மாதிரி நடத்தினேன் என்று சொல்வது மட்டும் பதிலாகாது.

இரண்டாவது வழக்கு செலவைப் பற்றியது. பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையில் பணியாற்றிய காது கேளாத பெண் அதிகாரி ஒருவருக்குக் கஜகஸ்தானில் பதவி கிடைத்தது. பிறர் பேசுவதை அவர் உதட்டசைவில் படிக்கும்படி தெளிவாகத் திருப்பிச் சொல்லும் லிப்ஸ்பீக்கர்கள் அவருக்குத் தேவை. அதற்கு ஆண்டுக்கு 2 லட்சம் பவுண்டுக்கும் மேல் ஆகும் என்று கணக்கிட்டு, துறை மறுத்துவிட்டது. மற்ற அதிகாரிகளின் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கொடுக்கிறீர்களே என்று அவர் தரப்பில் கேட்டார்கள். அந்தக் கேள்வி எனக்கு இன்றும் நியாயமாகவே படுகிறது. ஆனாலும் 2011இல் வேலைவாய்ப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், அந்தத் தொகை நியாயத்தின் எல்லையைத் தாண்டிவிட்டது என்றே தீர்ப்பளித்தது.

நிறுவனத்தின் கடமைக்கு இப்படி ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டிய இடத்தில் ஒருவர் வேலையை இழந்துவிடக்கூடாது என்பதற்காகத்தான் அரசின் பணம் வருகிறது.

ஆக்செஸ் டு ஒர்க்

இந்தத் திட்டம் 1994இல் தொடங்கியது. அதற்கு முன் கருவிக்கு ஒன்று, கட்டட மாற்றத்துக்கு ஒன்று, பயணத்துக்கு ஒன்று என்று சிதறிக் கிடந்த உதவிகள் இதில் ஒன்றாகச் சேர்ந்தன. இப்போது நடத்துவது டிடபிள்யூபி என்று எல்லோரும் சொல்லும் வேலை மற்றும் ஓய்வூதியத் துறை. இது கடன் இல்லை, திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. உங்கள் சம்பளத்தையோ சேமிப்பையோ பார்த்துத் தருவதும் இல்லை. 16 வயதுக்கு மேல் ஆகி, சம்பளத்துக்கு வேலை செய்பவராகவோ, வேலையில் சேரப்போகிறவராகவோ, சொந்தத் தொழில் செய்பவராகவோ இருக்க வேண்டும். உடல் அல்லது மனநிலையால் அந்த வேலையில் உங்களுக்கு உதவி தேவைப்பட வேண்டும். தன்னார்வப் பணிக்குக் கிடைக்காது.

எதற்கெல்லாம் தருவார்கள்? சிறப்புக் கருவிகள், மென்பொருள், வேலையிடத்துக் கட்டடத்தில் செய்யும் மாற்றங்கள், உதவியாளரின் சம்பளம், சைகை மொழிபெயர்ப்பாளர், நேர்காணலின்போது தகவல் தொடர்பு உதவி. பேருந்திலோ ரயிலிலோ போக முடியாதவருக்கு வேலைக்குப் போய்வர டாக்சி. அந்த டாக்சிச் செலவில், பொதுப் போக்குவரத்தில் போயிருந்தால் உங்களுக்கு ஆகியிருக்கும் தொகையை மட்டும் நீங்கள் போட வேண்டும். வேலையில் மனநலம் தடுமாறுபவர்களுக்குத் தனியாக ஓர் ஆதரவுச் சேவையும் இந்தத் திட்டத்துக்குள் உண்டு. அதற்கு நோய்ப்பெயர் எழுதிய சான்று வேண்டியதில்லை. இது தெரிந்தவர்கள் மிகக் குறைவு. நம் சமூகத்தில் மனநலம் பற்றி வீட்டில்கூடப் பேசத் தயங்குபவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

எதற்குத் தரமாட்டார்கள் என்பதும் முக்கியம். அந்த வேலையைச் செய்யும் யாருக்கும் தேவைப்படும் சாதாரணப் பொருள்களுக்குக் கிடைக்காது. எல்லோருக்கும் மேசை, கணினி கொடுக்கும் அலுவலகம் உங்கள் மேசைக்கு இந்த நிதியைக் கேட்க முடியாது. சட்டப்படி நிறுவனம் செய்தாக வேண்டிய நியாயமான மாற்றத்துக்குப் பதிலாகவும் இந்தப் பணம் வராது. அமைச்சகங்கள் தங்கள் ஊழியர்களுக்குச் சொந்த நிதியிலிருந்துதான் கொடுக்க வேண்டும். கஜகஸ்தான் வழக்கில் வெளியுறவுத் துறை ஒப்புக்கொண்டிருந்தால் முழுச் செலவையும் தன் கையிலிருந்தே போட வேண்டியிருந்திருக்கும் என்பதற்குக் காரணம் இதுதான்.

ஒருவருக்கு ஆண்டுக்கு இவ்வளவுதான் என்று ஓர் உச்சவரம்பு இருக்கிறது. 2015இல் அதை 40,800 பவுண்டு என்று வைத்தார்கள். அதிகம் அடிபட்டவர்கள் காது கேளாதவர்கள். நாள் முழுவதும் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படும் ஒருவருக்கு அந்தத் தொகை வருடம் முழுவதற்கும் போதாது. அவர்கள் விடாமல் குரல் கொடுத்தார்கள். 2018இல் வரம்பு 57,200 ஆக உயர்ந்தது, 2024 ஏப்ரலில் 69,260 ஆனது. பெரும்பாலானவர்களுக்கு இந்த எல்லையின் அருகில்கூடப் போக வேண்டி வராது.

யார் எவ்வளவு? அந்த ஆறு வாரம்

இதுதான் கட்டுரையின் முக்கியமான பகுதி. நிதானமாகப் படியுங்கள்.

ஒரு வேலையில் சேர்ந்து ஆறு வாரங்களுக்குள் விண்ணப்பித்தால், அனுமதிக்கப்பட்ட செலவு முழுவதையும் அரசே கொடுக்கும். நிறுவனம் பெரியதா சிறியதா என்று பார்ப்பதில்லை. ஆறு வாரம் தாண்டிவிட்டால், சிறப்புக் கருவிகளுக்கும் கட்டட மாற்றங்களுக்கும் நிறுவனம் ஒரு பங்கு போட வேண்டும். உதவியாளர், பயணம் போன்றவற்றுக்கு இந்தப் பங்கு கிடையாது.

ஓர் எடுத்துக்காட்டு. மூன்று வருடங்களாக வேலை செய்யும் ஒருவருக்கு 2,500 பவுண்டு மதிப்புள்ள கருவி தேவை என்று வைத்துக்கொள்வோம். அவர் வேலை செய்வது பன்னிரண்டு பேர் உள்ள கடையில் என்றால், கடைக்காரர் ஒரு பென்னிகூடப் போட வேண்டியதில்லை. 50 பேருக்கும் குறைவான ஊழியர்கள் உள்ள இடங்களுக்கு இந்தப் பங்கு விலக்கப்பட்டிருக்கிறது. அதே ஆள் 120 பேர் உள்ள நிறுவனத்தில் இருந்தால், நிறுவனம் முதல் 500 பவுண்டையும் மீதி 2,000இல் ஐந்தில் ஒரு பங்கான 400ஐயும் கொடுக்கும். மொத்தம் 900. அரசு 1,600 தரும். 600 பேர் உள்ள பெரிய நிறுவனம் என்றால், முதல் 1,000 பவுண்டும் மீதி 1,500இல் ஐந்தில் ஒரு பங்கான 300ம், ஆக 1,300 கொடுக்க வேண்டும். அரசின் பங்கு 1,200. செலவு 10,000 பவுண்டைத் தாண்டினால், தாண்டிய பகுதியைப் பொதுவாக அரசே ஏற்கும். எனவே எவ்வளவு பெரிய மாற்றமானாலும் ஒரு பெரிய நிறுவனத்தின் பங்கு 2,800 பவுண்டோடு நின்றுவிடும். சொந்தத் தொழில் செய்பவருக்குப் பங்கு என்ற பேச்சே இல்லை.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி மேலாளர் முன் வைத்துப் பாருங்கள். அவருக்குத் தெரியாது என்பதே பெரும்பாலும் உண்மையாக இருக்கும். “பட்ஜெட் இல்லை” என்று என்னிடம் சொன்னவரை நான் இன்று குறை சொல்லவில்லை. அவரும் என்னைப் போல அறியாமல் இருந்தார். சிறிய கடை நடத்தும் நம்மவர்களுக்கும் இதையே சொல்வேன். பல வருடங்களாக உழைத்த ஊழியருக்குக் கை முடியாமல் போய்விட்டது என்றால், அவரை வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் இப்படி ஒரு வழி இருப்பதை அவருக்குக் காட்டுங்கள்.

விண்ணப்பிப்பது

விண்ணப்பிக்க வேண்டியவர் ஊழியர்தான். நிறுவனம் உங்களுக்காக விண்ணப்பிக்க முடியாது. அரசின் இணையதளத்திலோ தொலைபேசியிலோ செய்யலாம். உங்கள் நிலை வேலையில் எப்படிக் குறுக்கே வருகிறது, என்ன உதவி தேவை, வேலை கொடுப்பவர் தரப்பில் யாரைத் தொடர்புகொள்வது என்று கேட்பார்கள். பிறகு ஓர் அதிகாரி பேசுவார். தேவைப்பட்டால் ஒரு மதிப்பீட்டாளர் வேலையிடத்துக்கே வந்து பார்த்து, எது வேண்டும் என்று பரிந்துரைப்பார். முடிவு கடிதமாக வரும்.

இங்கே ஒரு பழக்கத்தை நாம் விட வேண்டும். “சமாளித்துக்கொள்கிறேன், பரவாயில்லை” என்று சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். மதிப்பீட்டில் அப்படிச் சொன்னால், உதவி தேவையில்லை என்றே எழுதிக்கொள்வார்கள். மோசமான நாளில் என்ன நடக்கிறது என்று சொல்லுங்கள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் இரண்டு மணி நேரம் படுத்தே ஆக வேண்டும் என்றால் அதையும் சொல்லுங்கள். நான் முதல் முறை பேசியபோது, கூட்டங்களில் எனக்கு “கொஞ்சம் கஷ்டம்” என்று ஆரம்பித்தேன். எதிர்முனையில் இருந்த பெண்மணி பொறுமையாக, போன வாரக் கூட்டத்தில் எத்தனை விஷயங்கள் காதில் விழவில்லை என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால், பாதிக்கு மேல்.

பணம் பெரும்பாலும் பின்னால்தான் வரும். முதலில் நிறுவனமோ நீங்களோ செலவு செய்து, ரசீதோடு கோர வேண்டும். கோருவதற்கு ஒன்பது மாதக் கெடு உண்டு. அனுமதி வருவதற்கு முன்பே வாங்கிவிட்ட கருவிக்குப் பணம் வரும் என்று நம்ப வேண்டாம். கடிதம் கையில் வந்த பிறகே வாங்குங்கள்.

தாமதத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 2025இன் தொடக்கத்தில் 60,000க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் தேங்கிக் கிடந்தன. மாதக்கணக்கில் காத்திருந்து, உதவி வருவதற்குள் வேலையை இழந்தவர்கள் இருக்கிறார்கள். இது பெரிய அநியாயம். அடுத்த நான்கு வாரங்களுக்குள் வேலையில் சேரப்போகிறவர்களுக்கு முன்னுரிமை தருகிறார்கள். அதனால் வேலைக் கடிதம் கிடைத்த அன்றே விண்ணப்பித்துவிடுங்கள், முதல் நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். காத்திருக்கும் காலத்தில் நிறுவனத்தின் சட்டக் கடமை நின்றுவிடுவதில்லை. “மானியம் வரட்டும், பார்க்கலாம்” என்று அவர்கள் சும்மா இருக்க முடியாது. காசு தேவையில்லாத மாற்றங்களை உடனே கேளுங்கள். கேட்டதை மின்னஞ்சலில் எழுதி வையுங்கள்.

முடிவு சாதகமாக இல்லாவிட்டால், மறுபரிசீலனை கேட்கலாம். வேறோர் அதிகாரி பார்ப்பார். இது அரசு விருப்பத்தின் பேரில் தரும் மானியம் என்பதால், மற்ற உதவித்தொகைகளைப் போலத் தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடு செய்யும் உரிமை இல்லை. நிறுவனம் சமத்துவச் சட்டக் கடமையைச் செய்யாவிட்டால் கதை வேறு. அதற்கு வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம் இருக்கிறது. போவதற்கு முன், வேலைத் தகராறுகளைத் தீர்க்க உதவும் ஏகாஸ் என்னும் அமைப்பிடம் இலவசமாக ஆலோசனை கேட்கலாம். அங்கே போகக் கால வரம்பு கடுமையானது, தள்ளிப்போடக் கூடாது.

“இதைச் சொன்னால் வேலையே கிடைக்காமல் போய்விடுமே” என்ற பயம் பலருக்கு இருக்கிறது. எனக்கும் இருந்தது. அதே சட்டத்தின் 60ஆம் பிரிவின்படி, சில விதிவிலக்குகள் தவிர, வேலை தருவதாக முடிவெடுக்கும் முன் உங்கள் உடல்நிலையைப் பற்றிக் கேட்கக் கூடாது. நேர்காணலுக்கே உதவி தேவை என்றால் மட்டும் முன்னால் சொல்லலாம். மற்றபடி வேலைக் கடிதம் கைக்கு வந்த பிறகு சொன்னால் போதும்.

அரசுக்கு இது வீண் செலவா என்று கேட்பவர்களும் உண்டு. 2011இல், ஊனமுள்ளோர் அமைப்பு ஒன்றின் தலைமை நிர்வாகியாக இருந்த லிஸ் சேஸ் அரசுக்குக் கொடுத்த ஆய்வறிக்கையில், இந்தத் திட்டத்தில் போடும் ஒவ்வொரு பவுண்டுக்கும் கருவூலத்துக்கு 1.48 பவுண்டு திரும்பி வருவதாகச் சொல்லியிருந்தார். வேலையில் இருப்பவர் வரி கட்டுகிறார், உதவித்தொகை வாங்குவதில்லை என்பதே அதன் அடிப்படை. இப்படி ஒரு திட்டம் இருப்பது வேலை கொடுப்பவர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் தெரியவில்லை என்பதும் அவரது முக்கியமான கவலை.

இரண்டாவது வேலைக்கு நான் சேர்ந்தது ஒரு பெரிய நிறுவனத்தில். இந்த முறை இரண்டாவது வாரத்திலேயே விண்ணப்பித்தேன். கூட்டங்களில் பேசுவதை அப்படியே எழுத்தாக என் திரையில் தட்டித் தருபவருக்கான செலவும், காதுக் கருவியோடு இணையும் ஒலிவாங்கியும் அனுமதிக்கப்பட்டன. என் கையிலிருந்து எதுவும் போகவில்லை, நிறுவனத்தின் கையிலிருந்தும் போகவில்லை. அனுமதி அதிகபட்சம் மூன்று வருடத்துக்குத்தான். முடிவதற்குச் சில மாதங்கள் முன்பே புதுப்பிக்கக் கேட்டுவிட வேண்டும். நாட்காட்டியில் அந்தத் தேதியைக் குறித்து வைத்திருக்கிறேன்.